பூதத்தின் நொண்டல்

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் சின்னவளும் சுகந்தானே? அத்தையின் முட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

புது வீடியோ கேமின் முன்னோட்டத்தைப் பார்த்த சின்னவள், "அந்தப் பூதம் அப்பா மாதிரியே கைய வீசுது. ஆனா ஏன் நொண்டுது?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அது நான்தான். உடம்பெல்லாம் பொட்டுகள் ஒட்டிய உடையில் நான் நடப்பேன். கேமராக்கள் அந்த நடையை எடுத்துப் பூதத்துக்குக் கொடுத்துவிடும். ஒரு நாள் மேடையிலிருந்து குதித்தபோது கணுக்கால் லேசாகச் சுளுக்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

வேடிக்கையைக் கேள். இந்த வாரக் கேம் செய்திகளில் முதல் செய்தியே அந்த நொண்டல்தான். ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். இயக்குநர் தோளைத் தட்டி, "இதே நடைய விட்டுடாதப்பா. அடுத்த பாகத்துக்கும் நீதான்" என்றார்.

இப்போது கால் சரியாகிவிட்டது. அதுதான் சிக்கலே. நடித்தால் இயக்குநர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று ஸ்டூடியோவுக்குப் போகும் வழியெல்லாம் நொண்டிப் பழகுகிறேன். நேற்று அறையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோதும், யாருமே இல்லாத இடத்தில், நொண்டிக்கொண்டுதான் போனேன்.

தடித்த காலுறை கிடைத்தால் அனுப்பு. நான் கிளம்பிய அன்று தெருவில் நடந்துபோவதை மாடியிலிருந்து வீடியோ எடுத்தாயே, அதையும் அனுப்பு. நான் எப்படி நடப்பேன் என்று பார்க்க வேண்டும்.

பஸ் வந்துவிட்டது. சின்னவளிடம் அப்பா சும்மா நடிக்கிறார் என்று சொல்லிவை.

உன்,
பூதம்