ஷெரினின் கை அளவு

ஒஸ்லோ
மார்கழி 4

அன்புள்ள அம்மா,

மாதாவின் துணையால் நீங்களும் என் மகள் ஷெரினும் கரம்பொன்னில் சுகமாக இருப்பீர்கள். எனக்கு ஒரு குறையுமில்லை. பழைய பின்னல் புத்தகம் இன்னுமொன்று வாங்கினேன், இதோடு பதினேழு.

நேற்று அவளுக்குச் சுவெற்றர் பின்னிக்கொண்டே கைபேசியில் மிருகக்காட்சிச்சாலைப் பண்டாக் கரடிகளைப் பார்த்தேன். குட்டி வளர்ந்துவிட்டதென்று வேறு கூட்டுக்கு மாற்றினார்கள். தாய் திரும்பத் திரும்பக் கதவடிக்குப் போய் மூக்கை வைத்து மணந்து பார்த்தது. நான் கவனிக்காமல் பின்னியதில் சுவெற்றரின் ஒரு கை முழங்கால் வரை நீண்டுவிட்டது. சிரித்துக்கொண்டே அவிழ்த்தேன்.

"இந்த வெயிலுக்கு ஆர் பிள்ளை சுவெற்றர் போடுறது?" என்று போனமுறை கேட்டீர்கள். பின்னாமல் இருக்க ஏலாது, அம்மா.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை அவளின் கையை நூலால் அளவுங்கோ. வட்ஸ்அப்பில் அங்குலம் சொல்ல வேண்டாம். அவளின் கையில் பிடித்த அந்த நூலையே கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கோ.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்
நிமலினி