ஸ்டியரிங்கில் அரக்கு

மேற்குத் தாம்பரம்
20-11-1972

கர்த்தர் காத்துவரும் என் மகன் வில்பிரட்டுக்கு அம்மா எழுதுவது.

நம் கார் ஏரியில் விழுந்த அன்றைக்கு இருந்தவர்கள்: வண்டி ஓட்டின உன் அப்பா தயாளன். பக்கத்தில் நான். பின்சீட்டில் உன் அக்கா ஹில்டா, பதினேழு வயசு, மடியில் பூக்கூடை. வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் ஏறாமல் நின்ற உன் பெரியப்பா லாசரஸ். செம்பாக்கம் ஏரியில் எருமை கழுவிக்கொண்டிருந்த பொன்னுரங்கம், அவன்தான் குதித்து எங்களைத் தூக்கினவன். அவ்வளவுதான், வேறே யாரும் இல்லை. நீயும் இல்லை. நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தாய். அதனால்தான் உனக்கு இவ்வளவு தைரியம்.

அப்பாவுடைய காரை லாரியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனபோது பழைய இரும்புக்குப் போடப்போகிறாய் என்றுதான் நினைத்தேன். இப்போது என்னடா என்றால் எஞ்சின் ஓடுகிறது, ஸ்டியரிங் ஒன்றுதான் பாக்கி, அதையும் சரிபண்ணி கிறிஸ்துமசுக்கு ஞானஜோதியையும் பேரனையும் அதிலேயே கூட்டிவருகிறேன் என்கிறாய். படித்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. காபி டம்ளர் நழுவுகிறது. எதிர்வீட்டு பாலாம்பாள், "என்ன மாமி, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு, குளிர்ஜுரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறாய், பெரியப்பா தினமும் வந்து ஒத்தாசை செய்கிறார் என்று. எனக்குத் தெரியாமல் போகுமா? ரிட்டயர் ஆனதும் உன் ஊருக்கே வந்து உட்கார்ந்துகொண்ட அந்த மனுஷனின் கை, அந்த ஸ்டியரிங்கில் இரண்டாம் தரம் படுகிறதா?

வேண்டாம் மகனே. ரயிலில் வா.

அம்மா

*

திருச்சி
27-11-1972

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். குழந்தை ஜெபசீலன் "தாத்தா கார்" என்று சொல்லப் பழகிவிட்டான்.

நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள். ஸ்டியரிங்கை இப்போது பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. உள்ளே இரும்பு, மேலே கெட்டி ரப்பர். ரப்பரில் மட்டும் பதினொரு வெடிப்பு. ஒவ்வொன்றையும் ரம்பத்தால் அகலமாக்கி, பெட்ரோலில் துடைத்து, இரண்டு டியூபைக் கலக்கும் பசையை நிரப்பினேன். இறுகியபின் அரம் போட்டு, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். ஆபீஸ் விட்டு வந்ததும் இதே வேலைதான். ஞானஜோதி "ஸ்டியரிங்கையே கட்டிக்கிட்டு இருங்க" என்கிறாள். வலப்பக்கம் அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நிரப்ப மனம் வரவில்லை.

அப்பாவின் நெஞ்சு மோதி வளையம் அறுந்த இடத்தை, ரயில்வே பட்டறையில் தெரிந்தவரிடம் கொடுத்துப் பற்றவைத்தாயிற்று. திருப்பத்தில் அப்பா கவனம் தவறிவிட்டார் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்? அதற்குக் கார் என்னம்மா செய்யும்?

பெரியப்பா பாவம். உங்கள் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். இன்னும் எத்தனை நாளைக்கு? அவருக்கு நீங்கள் நாலு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

23ஆம் தேதி காலை புறப்படுகிறோம்.

அன்பு மகன்,
வில்பிரட்

*

மேற்குத் தாம்பரம்
1-12-1972

வில்பிரட்டுக்கு,

நெஞ்சு மோதி அறுந்ததா? யார் சொன்னது? நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். ஏரிக்கரைத் திருப்பத்தில் அப்பா இடப்பக்கம் இழுத்தார். வளையம் ஒரு கம்பியோடு அறுந்து அவர் கையோடு பெயர்ந்து வந்தது. வண்டி திரும்பவில்லை, நேரே போனது. "தபீதா" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டார். அப்புறம் தண்ணீர். முதலில் அறுந்தது, பிறகுதான் விழுந்தோம்.

நான் மூணாங் கிளாஸ் படித்தவள், ஆனால் எனக்கு ஒன்றும் மறக்காது. அதற்கு முந்தின வாரம் உன் பெரியப்பாதான் ஸ்டியரிங்கைக் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அப்போது அவர் சப் போஸ்ட்மாஸ்டர். பார்சலுக்கு முத்திரை வைக்கிற அரக்கை உருக்கி, வெடிப்பில் ஊற்றி, மேலே விளக்குக்கரியைத் தடவி, பளபளவென்று கொண்டுவந்து மாட்டினார். தபால் மூட்டைக்கு வைக்கிற அரக்கடா அது! கீறி ஊற்றின மனுஷனுக்கு உள்ளே இரும்பு எப்படி இருந்தது என்று தெரியாமலா இருந்திருக்கும்?

தெரியும். அன்றைக்கு உன் அப்பா ஹெட்மாஸ்டராக இருந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்குக் கல்யாணம், மணப்பெண்ணை அழைக்கக் கிளம்பும்போது தனக்கு வயிறு சரியில்லை, சைக்கிளில் வருகிறேன் என்று பெரியப்பா நின்றுவிட்டார். ஜன்னல் வழியாக ஹில்டா கையைப் பிடித்து, "நீ இறங்கு கண்ணு, பெரியப்பாகூட வந்துடு" என்றார். இவள் சிரிக்கிறாள்: "போங்க பெரியப்பா, பட்டுப்பாவாடை செயின்ல மாட்டிக்கிச்சுன்னா நீங்களா வாங்கித் தருவீங்க?" அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது.

துக்கத்தில் உளறுகிறாள் என்று என்னைச் சொன்னார்கள். உன் அப்பா வாயே திறக்கவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்காத தங்கம். ஹில்டாவின் அடக்கத்துக்கு வந்த உன் பெரியப்பாவுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பதினொரு வருஷமாக அவர் என் படியை மிதிக்கவில்லை.

வளையத்தைத் தாங்குகிற மற்ற கம்பிகளையும் ரப்பரைக் கீறிப் பார். ஆணையிடக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறது. இருக்கட்டும். உன் பிள்ளைமேல் ஆணை, கீறிப் பார்.

அம்மா

*

மேற்குத் தாம்பரம்
9-12-1972

வில்பிரட், பதில் இல்லையே. தபால்காரர் தனசிங் என்னைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு போகிறார். தெருவில் ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். கோபமாக இருந்தாலும் ஒரு கார்டு போடு. கீறினாயா இல்லையா, அது ஒன்றை மட்டும் எழுது. அம்மா.

*

திருச்சி
11-12-1972

அம்மா,

கீறினேன்.

கறுப்புக்கு அடியில் சிவப்பு. சூட்டுக்கத்தி பட்டதும் உருகி, தபால் ஆபீஸ் வாசனை அடித்தது. அரக்கை எடுத்தால் உள்ளே இரும்பு தீக்குச்சி கனம்தான். பற்றவைத்தது போக மீதி இரண்டு கம்பியும் அப்படியே. ஒன்றைக் கையால் வளைத்தேன், முறிந்தது. பக்கத்தில் நின்ற ஞானஜோதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதைத்தான் நான் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். இதில்தான் அவர்களை இருநூறு மைல் கூட்டிவர இருந்தேன்.

பெரியப்பாவிடம் காட்டினேன். மறுபடி ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கத்தினேன். "பட்டறையில குடுத்தேன்னியே, எல்லாக் கம்பியும் மாத்திட்டேன்னுதான்டா நெனச்சேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஒரு பழைய இன்லண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அப்பாவின் கையெழுத்து. 2-11-61 தேதி. உங்களிடம் மறைத்துப் பிரயோஜனம் இல்லை, அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணனுக்கு. கம்பி துருவேறி நைந்துவிட்டது, ஓட்டாதே என்று தாங்கள் எழுதியது கிடைத்தது. புது ஸ்டியரிங் வர ஒரு மாதம் ஆகுமாம். ஒன்பதாம் தேதி மணப்பெண் ஹெட்மாஸ்டர் காரில்தான் கோயிலுக்கு வருகிறாள் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லியாகிவிட்டது. இனி மாட்டுவண்டியா அனுப்புவேன்? அரக்கு வைத்து அடைத்துத் தாருங்கள், மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன். தபீதாளிடம் மூச்சுவிட வேண்டாம். தெரிந்தால் ஹில்டாவை ஏற்றவிட மாட்டாள். கூடை பின்னுகிற வயரில் அதற்கு ஓர் உறை பின்னச் சொல்லியிருக்கிறேன். வெளியே ஒன்றும் தெரியாது."

இத்தனை வருஷம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "அவளுக்கு உங்கப்பன் நெனப்பு ஒண்ணுதான் மிச்சம். அதையும் ஏன் புடுங்கணும்? என்னைத் திட்டிக்கிட்டு இருந்தா அவளுக்குப் பொழுது போகும்" என்றார்.

காரை மூடிவிட்டேன். 24ஆம் தேதி ரயிலில் வருகிறோம்.

வில்பிரட்

*

மேற்குத் தாம்பரம்
15-12-1972

என் மகனுக்கு,

உன் கடிதத்தை முதலில் நானே படித்தேன். தப்பாகப் படித்தேனோ என்று பாலாம்பாளை வாசிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் வாசித்தாள்.

சிவப்பும் வெள்ளையுமாக அந்த உறையை இரண்டு நாள் உட்கார்ந்து பின்னினேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வயரை அளந்து வெட்டிக் கொடுத்தார். "உன் கை யாருக்கு வரும் தபீதா" என்றார். அந்த வார்த்தையை இத்தனை வருஷமாகப் பெட்டியில் நகை மாதிரி வைத்திருந்தேன். இப்போது அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன் இன்னும் என்னென்ன மறைத்தாரோ என்று, கூட இருந்தபோது இல்லாத பயம்.

ரயிலில் நாலு டிக்கெட் எடு. பெரியப்பாவையும் கூட்டி வா. தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள், எழும்பூர் போய்த் திரும்ப வேண்டாம். அவருக்குக் கத்திரிக்காய் ஆகாது, கறிக்குழம்பில் எலும்பு வேண்டும். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எலும்பாகப் பார்த்துப் போடுகிறேன், அவர் புரிந்துகொள்வார். பெண்ணின் கையைப் பிடித்தவர் பலமாகப் பிடித்து இழுத்திருக்கலாம், அந்தக் குறை எனக்கு உண்டு. அதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்வேன். சொல்லிவிட்டுச் சோறு போடுவேன்.

புதுக் கம்பி வைத்தாலும் சரி, அந்த ஸ்டியரிங்கில் என் பேரன் கை படக் கூடாது. யாராவது விலைக்குக் கேட்டால், உள்ளே என்ன இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடு.

இன்னொன்று. கல்லறைத் தோட்டத்தில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே வேண்டாம். ஹில்டாவின் கால்மாட்டில் ஆறடி காலியாக இருக்கிறது, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சர்ச் ஐயரிடம் சொன்னேன். "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கே அம்மா" என்றார். தெரியும் ஐயா என்றேன். பொன்னுரங்கம் ஒரு நிமிஷம் தாமதமாகக் குதித்தான், அவனை மன்னித்தேன். ஏறாமல் நின்ற லாசரஸ் அத்தானை மன்னித்தேன். பின்னிக் கொடுத்த என் கையைக்கூட ஒருநாள் மன்னிப்பேன்.

மன்னிக்க முடியாதது ஒருத்தரைத்தான். என் புருஷன் தயாளன்.