மொட்டை லாரிக்கு ஒரு திரை

1943 நவம்பர் 14, பழனி

கடைவீதியில் இன்றும் அதே கேலி. "ராவுத்தரே, ஒங்க வண்டியும் வேண்டிக்கிட்டு மொட்ட போட்டுருச்சா?"

என் லாரிக்கு மூக்கு இல்லைதான். மற்ற லாரிகளில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எஞ்சின் இதில் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதனால் சப்பை மூஞ்சி. இருந்துவிட்டுப் போகட்டும். மூக்குள்ள லாரிகளையெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் சண்டைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தக் கிழட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்கள். இன்றைக்குத் தூத்துக்குடி உப்பைக் கொடைக்கானலுக்கு ஏற்றவும், அங்கிருந்து உருளைக்கிழங்கை இறக்கவும் இந்த மொட்டையை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பெட்ரோல் கூப்பன் கண்ணில் காட்டுகிற அளவுக்குத்தான். மற்றதெல்லாம் கரி கேஸ். லாரிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு அடுப்பு வைத்திருக்கிறோம். அதில் கரி கனன்று வரும் வாயு, குழாய் வழியாக எஞ்சினுக்கு வரும். ஞானவேல் பின்னால் நின்று அடுப்பைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் ஸ்டீரிங் என்னுடையது.

நவம்பர் 17, பழனி

ஷம்ஷாத் ஒரு வாரமாகத் தைத்ததை இன்று கொண்டுவந்து போட்டாள். பழைய ஜமுக்காளத்தில் பஞ்சு வைத்து, வெளிப்பக்கம் சாக்குக் கொடுத்துத் தைத்த கனமான திரை. லாரியின் கதவு இடுப்பளவுதான். அதற்குமேல் வெறும் காற்று. மலைக் குளிரில் போன முறை என் விரல்கள் மடங்கவில்லை என்று வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

"புருசன் வெறச்சுப் போயித் திரும்பி வந்தா நான் என்ன செய்ய? இத ரெண்டு பக்கமும் கட்டிக்கங்க" என்றாள்.

கட்டிவிட்டேன். அத்தனை அழகான தையல்.

நவம்பர் 23, கொடைக்கானல்

பாதி மலையில் தண்ணீர்த் தொட்டி. எப்போதும் அங்கே எஞ்சினை நிறுத்தி ஆறவிடுவோம், மேலிருந்து இறங்கும் வண்டிகளுக்கு வழிவிடுவோம். அதுவரை நெருப்பு அணையாமலிருக்க ஞானவேல் பின்னால் அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டே இருப்பான். வெளியே மேகம். நான் திரையை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் சூடும் சேர்ந்து, சொர்க்கம்.

கிளம்பி இரண்டு வளைவு தாண்டியதும் மண்டை வெடிக்கிற மாதிரி வலி. கால் பஞ்சாகிவிட்டது. ஓரமாக நிறுத்தி வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற பழைய பரோட்டாவாக இருக்கும்.

டிசம்பர் 2, கொடைக்கானல்

இன்று பரோட்டா தின்னவில்லை. ஒன்றுமே தின்னவில்லை. அதே வலி, அதே வளைவு.

கண் ஒரு நொடி இருட்டிவிட்டது. ஞானவேல் போட்ட கூச்சலில்தான் விழித்தேன். முன்சக்கரம் ஓரக்கல்லில் ஏறி நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, மேகம்தான்.

பயந்துவிட்டேன். எழுதினால் என்ன, பயந்துதான் போனேன்.

டிசம்பர் 4, பழனி

செய்தி எனக்கு முன்னால் பழனிக்கு வந்துவிட்டது. மண்டிக்கார நாச்சிமுத்துவுக்கு இந்த லாரியில் பாதிப் பங்கு. கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, அப்புறம் சொன்னார்.

"ராவுத்தரே, ஒங்களுக்கும் அம்பது ஆகப்போகுது. ஒடம்பு முன்ன மாதிரி கேக்காது. ஞானவேல் ஓட்டட்டும். நீங்க பின்னால கரியப் பாத்துக்கங்க."

"முடியாதுன்னா?"

"தை பொறந்ததும் என் பங்கப் பிரிச்சுக்கிறேன். வண்டிய இரும்புக்குப் போட்டுருவோம். மனுச உசுரு பெருசுங்க."

நல்ல மனுஷர்தான். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. எனக்கா ஒடம்பு கேக்கல? சமதரையில் தூத்துக்குடி வரைக்கும் ஓட்டிட்டு வாறேன், ஒரு தலைவலி இல்ல. மலைக்கு மேல போயி இறங்கினா நாள் பூரா நடக்கிறேன், ஒண்ணுமில்ல. அந்த ரெண்டு வளைவுல மட்டும் எனக்கு வயசாயிருதா?

டிசம்பர் 5

ஹக்கீம் லேகியம் கொடுத்தார். ஷம்ஷாத் தர்காவில் ஓதிய கயிறு கட்டினாள். ஞானவேல் அந்த வளைவில் முனி இருக்கிறது என்கிறான். ஆளுக்கொரு வைத்தியம். ஸ்டீரிங்கை விடமாட்டேன்.

டிசம்பர் 9

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகையில் கேட்டது ஒன்றே ஒன்று.

டிசம்பர் 15, கொடைக்கானல்

விட்டுவிட்டேன். ஒரே ஒரு நடைக்கு. நாச்சிமுத்து வாசலில் வந்து நின்றுகொண்டு, ஞானவேல் சீட்டில் ஏறிய பிறகுதான் நகர்ந்தார். நான் பின்னால் கரி மூட்டைகளோடு.

தண்ணீர்த் தொட்டியில் நான் விசிறியைச் சுற்றினேன். பல் கிட்டிக்கும் குளிர். ஞானவேல் உள்ளே திரையை இறக்கிவிட்டு, சுகமாகப் பாட்டு முனகிக்கொண்டிருந்தான். கிளம்பினோம். இரண்டாவது வளைவில் வண்டி ஆடியது. நின்றது. ஞானவேல் இறங்கி மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறான்!

"மண்டையில சம்மட்டி அடிக்குதுண்ணே. நான்தான் சொன்னேன்ல, முனின்னு."

அவனுக்கு வயது முப்பதுகூட இல்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டேன். பாவம், தப்பாக நினைத்திருப்பான். இத்தனை நாள் பின்னால் நின்ற அவனுக்கு ஒன்றுமில்லை. இன்று பின்னால் நின்ற எனக்கு ஒன்றுமில்லை. முன்சீட்டுக்காரனை மட்டும் பிடிக்கிற முனி எந்த ஊரில் இருக்கிறது?

டிசம்பர் 16, கொடைக்கானல்

காலையில் காய்கறிச் சந்தையில் கூலிக்காரர்கள் கரிச்சட்டியைச் சுற்றிக் குளிர்காய்ந்தார்கள். போன மார்கழியில் இங்கே ஒரு காவல்காரனும் பெண்சாதியும் கரிச்சட்டியை உள்ளே வைத்து, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்கவேயில்லை. ஊரே பேசியது. அப்போது நானும் உச்சுக்கொட்டினேன்.

அப்படியே நின்றுவிட்டேன்.

லாரிக்கு ஓடி, சீட்டுப் பலகையைத் தூக்கினேன். சோப்பு நுரையைக் குழாய்மேல் பூசிவிட்டு, அடுப்பை மூட்டி ஞானவேலை விசிறி சுற்றச் சொன்னேன். எஞ்சினில் சேருமிடத்து மூட்டில் நுரை குப்குப்பென்று பொங்கியது. எஞ்சின் ஓடும்போது வாயுவை அது தானே இழுத்துக்கொள்கிறது. நின்றிருக்கும்போது விசிறி தள்ளுகிற வாயு அந்த இடுக்கு வழியாக என் காலடியில் வந்திருக்கிறது. வாசம் கிடையாது. மூக்குள்ள லாரியாக இருந்தால் வெளியே போயிருக்கும். திரை இல்லாதவரை இதிலும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

திரை.

அவிழ்க்கும்போது ஒரு முடிச்சு வரவில்லை. ஷம்ஷாத் கையால் போட்ட முடிச்சு. அறுக்க மனசு வராமல் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

மூட்டில் கல்நார்க் கயிறு சுற்றி, களிமண் அப்பியாயிற்று. இனி விசிறி சுற்றும்போது டிரைவர் கீழே நிற்க வேண்டும். திரை கிடையாது. குளிர்ந்தால் குளிரட்டும்.

டிசம்பர் 18, பழனி

திரை நனைந்துவிட்டது, அதனால் கழற்றினேன் என்று சொல்லலாமென்றிருந்தேன். வாசலில் வைத்தே ஞானவேல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவன் வாயில் களிமண் அப்பியிருக்க வேண்டும்.

"நான் தச்சதா ஒங்களக் கொல்லப் பாத்துச்சு?" அவ்வளவுதான் கேட்டாள்.

"ஓட்டக் கொழாய்தான் புள்ள. நீ என்ன செய்வ?"

அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. நானும் சாப்பிடவில்லை. ஓரக்கல்லில் சக்கரம் ஏறினபோதுகூட எனக்கு இப்படி இல்லை.

டிசம்பர் 20

வீடெல்லாம் பஞ்சு. கத்தரியால் திரையை வெட்டிக்கொண்டிருக்கிறாள். "அதுமேல என்ன கோவம்?" என்றேன். "ஒங்க சோலியப் பாருங்க" என்றாள்.

டிசம்பர் 27, கொடைக்கானல்

நாச்சிமுத்துவிடம் ஒன்றுதான் கேட்டேன்: "பக்கத்துல ஒக்காந்து வந்து பாருங்க. அப்புறம் இரும்புக்குப் போடுங்க." வந்தார். மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு வந்தார்.

வெள்ளனே கிளம்பும்போது ஷம்ஷாத் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரித்தால் கோட்டு. உள்ளே ஜமுக்காளம், நடுவில் பஞ்சு, வெளியே சாக்கு. "ஒங்களுக்குத்தான் மூடணும். வண்டிக்கு எதுக்கு?" என்றாள். கண்ணைத்தான் பார்க்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியில் இரண்டு பேரும் இறங்கி நின்றோம். ஞானவேல் விசிறி சுற்றினான். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. நாச்சிமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவதும் தாண்டியபின், "ராவுத்தரே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க, என்னையப் பாத்துச் சிரிச்சது போதும்" என்றார்.

தை பிறந்தால் என்ன, மாசி பிறந்தால் என்ன.

1946 டிசம்பர் 11, கொடைக்கானல்

கூப்பன் இப்போது தாராளம். போன வாரம் கரி அடுப்பைக் கழற்றிப் போட்டோம். மொட்டை இளைத்த மாதிரி இருக்கிறது. மேலே ஏறும்போது பனி முகத்தில் அறைந்தது.

"இனிமேத்தான் கரி இல்லையேண்ணே, அந்தத் திரையக் கட்டிக்கிரலாம்ல?" என்றான் ஞானவேல்.

எப்படிக் கட்டுவது? அதைத்தான் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.