ஸ்டெல்லா கையில் கேட்ட அழுகை

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கும் தேவிக்குக் காது கேட்காது. இன்று அவளுக்குப் பிரசவம். டாக்டர் சொல்வதைச் சைகையில் அவளுக்குச் சொல்ல, எங்கள் சைகைமொழி பெயர்ப்பாளர் சங்கத்திலிருந்து தலைவி நானும் செயலாளர் ஸ்டெல்லாவும் போயிருந்தோம். சம்பளமில்லாத பதவிகள்தான்.

தேவி வலியில் துடித்ததைப் பார்த்து மனசு கேட்காமல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து டாக்டர், "கொடி கழுத்துல சுத்திக்கினு இருக்கு, முக்க வேணாம்னு சொல்லுங்க!" என்று கத்தினார். தேவி பிடியை விடவில்லை. எனக்கு வாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"கைய குடுத்துட்டு இன்னாக்கா பண்ணுவீங்க?" என்ற ஸ்டெல்லா, நர்ஸுக்குப் பின்னால் ஸ்டூல்மேல் ஏறி, டாக்டர் சொன்னதைத் தேவிக்குச் சைகையில் சொன்னாள். தேவி முக்குவதை நிறுத்தினாள்.

குழந்தை பிறந்து வீறிட்டது. காதில் விழும் எதையும் விடாமல் சொல்லவேண்டும் என்பது எங்கள் விதி. நானாக இருந்தால் 'அழுகிறது' என்று ஒரே சைகையில் முடித்திருப்பேன். ஸ்டெல்லா நிறுத்தவேயில்லை. குழந்தை வீறிட்டபோது அவள் கைகள் உயர்ந்தன. விக்கியபோது அவையும் விக்கின. தேவி கண்கொட்டாமல் தன் குழந்தையின் அழுகையைக் கேட்டாள்.

பக்கத்து வீட்டுக் குழந்தை இப்போது அழுகிறது. பேனாவை வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கிப் பார்க்கிறேன்.