கடலை மதிலைப் பார்க்கிறான்

அக்கா, இன்று காலையும் நெத்தலி வாட்டினேன். அந்த வாசம் குசினியை விட்டு முன் அறைக்குப் போய் உங்கள் அலுமாரி வரை ஏறிவிட்டது. உங்கள் சேலைகள் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன. சேலையில் கருவாட்டு வாசம் பிடித்துவிடும் என்று எத்தனை தரம் ஓடிப்போய் அந்தக் கதவைச் சாத்தியிருப்பீர்கள்! இன்று நான் போய்ச் சாத்தினேன். திரும்பி வந்தபோது கடலை தன் கிண்ணத்தை மூக்கால் ஒரு தரம் தள்ளிப் பார்த்துவிட்டு, பின்வாசலில் போய் உட்கார்ந்திருந்தான்.

அவன் வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. கீழ்வீட்டுச் சிங்கள நோனா அந்த நாய்க்குட்டியை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். வறுத்த கடலை நிறம், அதனால் அந்தப் பேர். பெட்டிக்குள் அடங்கிய அந்தப் பிராணிக்கு அவ்வளவு பிடிவாதம் எங்கே இருந்ததோ தெரியாது. கழுத்தில் பட்டி போட்டால் கட்டுகஸ்தோட்டை ரோட்டு நடுவிலேயே குந்திவிடுவான். பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான், நீங்கள் கெஞ்சுவீர்கள், அவன் கொட்டாவி விடுவான். உங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த நான் ஜன்னலில் நின்று சிரிப்பேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டீர்கள். காகச் சோற்றில் அவன் வாய் வைத்ததைத்தான் பொறுக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், காலமான பிறகு, காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பின்மதிலில் வாழையிலைத் துண்டைப் போட்டுச் சோற்றை வைத்துவிட்டு நீங்கள் கூப்பிட வாயெடுப்பதற்குள், கடலை துவைக்கிற கல்லில் ஏறி, அங்கிருந்து மதிலுக்குத் தாவி, இலையையும் சேர்த்து நக்கியிருப்பான்.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்து வேதக்காரி எனக்கு இதெல்லாம் வேடிக்கை. "அண்ணர் காகமாத்தான் வரவேணுமோ அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வேற எதுவா வந்தா நமக்கு அடையாளம் தெரியும்?" என்றீர்கள். "எப்பவும் ஒண்ணுதான் வரும், பாத்துக்கங்க. கடையில இருக்கையிலயும் அவரு கூட்டத்தோட சேர மாட்டாரு."

அன்று மாலையே படிப்பு தொடங்கியது. தூறலில் பின்வாசல் கதவைத் திறந்து வைத்து, பலகையில் உட்கார்ந்து, சோற்றுக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் காட்டி "இரு" என்பீர்கள். அவன் குரைப்பான். பிறகு சோறே வேண்டாம் என்பதுபோல முதுகைக் காட்டுவான். அதுவும் பலிக்காவிட்டால் செத்தவன் மாதிரிப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். புடைவைக் கடையில் விலை படியாத ஆளிடம் பேசிப் பழகிய பொறுமை உங்களுடையது. "எனக்கு அவசரமில்ல தம்பி. நீ நல்லா யோசிச்சிட்டே சொல்லு" என்பீர்கள்.

"அக்கா, உது படிக்கிற பிள்ளை இல்லை. விடுங்கோ."

"படிக்காட்டிப் போவுது. காக்காவுக்கும் பசி, இவனுக்கும் பசி. யாராவது ஒருத்தர் பொறுக்கணும்ல?"

மழைக்காலம் முடிவதற்குள் அவன் பொறுக்கப் பழகிவிட்டான். நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே நீங்கள் படியடிக்கு வந்து சொன்னீர்கள்: "இப்பல்லாம் 'இரு'ன்னு சொல்லவே வேணாம். காலையில ஒரு நாள் நின்னு பாருங்க, நம்ம வீட்டுக் கூத்தை." நானும் "ஓம் அக்கா, ஒரு நாளைக்கு நிக்கிறன்" என்றேன். எங்கே நின்றேன்? நீங்கள் சோறு வைக்கும் நேரம் நான் பேராதனை பஸ்ஸில் இருப்பேன், அல்லது ஆஸ்பத்திரி லேபில் இரத்தக் குழாய்களோடு இருப்பேன். ஞாயிற்றுக்கிழமையென்றால் சர்ச்சில் பூசை.

நெஞ்சு நோகுது என்று திரீவீலரில் ஏறும்போதுகூட உங்களுக்கு அவன் நினைப்புத்தான். "கடலையப் பாத்துக்கங்க. சொன்னா கேப்பான்" என்றீர்கள். அதன் பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்தது பெட்டியில்.

அக்கா, அவன் நான் சொல்லிக் கேட்கவில்லை. விடியமுன் எழும்பிச் சோறும் நெத்தலியும் பிசைந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் கிண்ணத்தில் எறும்புதான் மொய்த்திருக்கும். தண்ணீர் குடிப்பான். கையில் நீட்டிய பிஸ்கட்டை என் மனம் நோகாமல் இருக்க ஒரு தரம் நக்கிவிட்டு விட்டுவிடுவான். மிருக வைத்தியர் தடவிப் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை, துக்கம்தான் என்றார். விலா எலும்புகள் தெரியத் தொடங்கின.

சாப்பிடாததைவிட என்னைப் பயப்படுத்தியது வேறொன்று. சோறு வைத்தவுடன் அவன் நேராக நிமிர்ந்து உட்காருவான். கிண்ணத்தைப் பார்க்க மாட்டான், என்னையும் பார்க்க மாட்டான். கம்பிக் கதவுக்கு அப்பால், பின்மதிலுக்கு மேலே பார்ப்பான். அங்கே ஒன்றும் இருக்காது. காது இரண்டும் எழும்பும், வால் மெல்ல ஒரு தரம் அசையும், தெரிந்த ஆளைக் கண்டதுபோல. எனக்கு மயிர்க்கூச்செறியும். தினமும் பிறத்தியார் இரத்தத்தைப் பார்க்கிற மனுசி நான், உங்கள் குசினியில் முதுகைக் காட்டி நிற்கப் பயந்தேன். ஒரு மாலை தாங்க முடியாமல் அந்த வெறும் மதிலைப் பார்த்து, "அக்கா, தின்னச் சொல்லுங்கோ அவனை" என்று கெஞ்சியும் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து வந்த உங்கள் மகனும் அதைக் கண்டார். "ஆன்டி, அது அம்மாவத்தான் பாக்குது. எனக்கு இங்க நிக்கவே முடியல" என்றார். பல்லேகலயில் நாய்களைக் கூண்டில் வைத்துப் பராமரிக்கிற ஓர் இடம் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை வந்து கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் வீட்டிலேயே தின்னாதவன் கூண்டிலா தின்னப் போகிறான்? அங்கே செத்துப்போவான் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம்தானே சொல்லிவிட்டுப் போனீர்கள்.

சனிக்கிழமை லீவு போட்டேன். நீங்கள் கேட்டும் நான் நிற்காத காலையில் அன்றுதான் நின்றேன். பனி விலகி வெயில் ஏறிய பிறகு சோற்றை வைத்தேன். கடலை நிமிர்ந்து உட்கார்ந்து மதிலைப் பார்த்தான். அப்போது ஒரு காகம் வந்து மதிலில் இறங்கி, வெறும் கல்லைக் கொத்திப் பார்த்துவிட்டு, குசினியைப் பார்த்துக் கரைந்தது. கடலை காகத்தைப் பார்த்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு, என்னை.

என் மரமண்டைக்கு அப்போதுதான் விளங்கியது. நீங்கள் அவனுக்குப் பழக்கியிருந்தது வெறும் "இரு" அல்ல. காகம் தின்றால்தான் தனக்கு என்பதை.

கிண்ணத்திலிருந்தே ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் மதிலில் வைத்தேன். கூப்பிட வெட்கமாக இருந்தது. கீழ்வீட்டு நோனா பார்க்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "கா... கா..." என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. காகத்துக்கும் நம்பிக்கை வரவில்லை போல, நான் உள்ளே போய் நின்ற பிறகுதான் வந்தது. தின்றது. அலகை மதிலில் இரு பக்கமும் துடைத்துவிட்டுப் பறந்தது. கடலை அப்போதுதான் தலையைக் குனிந்தான். அவன் தின்ற வேகத்தில் கிண்ணம் உரசி உரசி அடுப்படி வரை போனது. நான் உங்கள் பலகையில் உட்கார்ந்து, நீங்கள் போன அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

மறுநாள் மகன் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனார். "நீங்களே வெச்சுக்கங்க ஆன்டி" என்றார். லேபில் சொல்லி, காலையில் பிந்திப் போகிற முறைக்கு மாறிக்கொண்டேன். கடலைக்கு உடம்பு தேறிவிட்டது. ரோட்டு நடுவில் குந்துகிற குணமும் திரும்பி வந்துவிட்டது.

பயம் அதோடு போயிருக்க வேண்டும், அக்கா. அவன் பார்த்தது உங்களை அல்ல, காகம் வரும் வழியை. அப்படி நினைத்துச் சில கிழமைகள் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

எப்பவும் ஒன்றுதான் வரும் என்றீர்கள். பிறகு ஒரு காலை இரண்டாவது காகம் வந்தது. துவைக்கிற கல்லுக்கு மேலே, சற்றுத் தள்ளி இறங்கி, முதலாவது தின்னும்வரை சும்மா இருந்தது. காகமென்றால் கூட்டமாகத்தான் வரும், இதில் என்ன அதிசயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அன்றிலிருந்து இரண்டு பிடி வைக்கிறேன். பூசைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையும் வைத்துவிட்டுத்தான் போகிறேன். பங்குச் சுவாமியிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றும் அப்படித்தான். முதல் காகம் தின்று பறந்தது. கடலை குனியவில்லை. நெத்தலி வாசம் மூக்கில் ஏற, வாயூற, நிமிர்ந்தபடியே மற்றதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது அவசரமில்லாமல் ஆறுதலாக வந்து, தின்று, போன பிறகுதான் கிண்ணத்தில் வாய் வைத்தான். ஒரு காகத்துக்குப் பொறுக்கத்தான் நீங்கள் அவனைப் பழக்கினீர்கள். இரண்டாவதற்கும் பொறுக்கச் சொல்லி நான் அவனைப் பழக்கவில்லை, அக்கா.