போரி, எழுந்திரு

குன்சான்
1973 நவம்பர் 11

போரி அப்பாவுக்கு,

இங்கே நலம். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்தாயிற்று. மீன் மார்க்கெட் சோ அக்கா சியோலுக்கு வருகிறாள், ஒரு ஜாடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். கவிஞர் கூட்டம் ஒரே வேளையில் காலி செய்துவிடப் போகிறது, கொஞ்சம் எடுத்து வையுங்கள். தலைமுடியைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு நடங்கள். இங்கேயே நீள முடிக்காரர்களைப் பிடித்து வெட்டப் போலீஸ்காரர்கள் கத்தரியோடு தெருவில் நிற்கிறார்கள்.

வாத்தியார் வேலையை விட்டீர்கள், கள்ளுக்கடைகளில் நின்று கவிதை சொல்கிறீர்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை. இது ஒன்றுதான் கேட்கிறேன்: 'போரி, எழுந்திரு' கவிதை மட்டும் அங்கே வேண்டாம். பார்லி அறுக்கிற மாதத்தில் பிறந்த மகள் என்று போரி என பார்லியின் பெயரையே வைத்தீர்கள். அம்மை கண்டு கிடந்தவளை, அந்தக் கடைசிக் காலையில் தோளைத் தட்டித் தட்டி நீங்கள் சொன்னது அது. நம்மோடு இருக்கட்டும்.

ஒக்-பூன்

சியோல்
1973 டிசம்பர் 9

போரி அம்மா,

நீ பயந்தது நடந்துவிட்டது. முடி போயிற்று. பாதி வெட்டியதும் கத்தரி சிக்கிக்கொண்டது. "மீதிய வீட்ல போய் வெட்டிக்க, கவிஞரே" என்றான் போலீஸ்காரன். பார்த்தால் நீ சிரிப்பாய். கிம்ச்சி ஒரே வேளையில்தான் தீர்ந்தது.

அந்தக் கவிதையைச் சொல்லிவிட்டேன், ஒக்-பூன். கள்ளுக்கடைக்குப் பஞ்சாலைப் பெண் ஒருத்தி வந்தாள். அந்த வாரம்தான் அவள் தம்பி ஆலையில் செத்திருந்தான். "எனக்காக ஏதாவது சொல்லுங்க" என்றாள். என்னிடம் வேறு எதுவும் இல்லை. கடையில் ஒரு கிண்ணம்கூட அசையவில்லை. பின்னால் மாணவர்கள் அச்சடித்துக் கொடுத்தார்கள். நேற்று ஊர்வலத்தில் தெரு நிறைய அதைச் சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். அது ஒரு குழந்தையின் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. நடைபாதையில் நின்று கேட்டேன். இத்தனை பேர் கூப்பிட்டால் எழுந்துவிடுவாளோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

கோபப்படு. ஆனால் எழுது.

இன்-சொக்

குன்சான்
1974 பிப்ரவரி 20

போரி அப்பாவுக்கு,

உங்களைப் பிடித்துக்கொண்டு போனதை உங்கள் வக்கீல் பியோ வந்து சொன்னார். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுக்கிறேன். நீங்கள் எழுதச் சொல்லியும் நான் எழுதாமல் இருந்தது இப்போது உறுத்துகிறது. கோபம் தீர்ந்தபாடில்லை, அது இருக்கட்டும்.

பார்லி என்றால் ஏழை ஜனம், எழுந்திரு என்றால் கலகம் என்று அரசு வக்கீல் சொல்கிறாராம். பெற்றவள் கோர்ட்டுக்கு வந்து 'அது என் மகள்' என்று சொன்னால் வழக்கு நிற்காது என்கிறார் பியோ. அச்சடித்ததற்காகப் பிடிபட்ட பையன்கள் இருவரும்கூட வெளியே வந்துவிடலாமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒக்-பூன்

சிறையிலிருந்து
1974 மார்ச் 15

போரி அம்மா,

வராதே. குத்திக் குத்திக் கேட்பார்கள், உன்னால் தாங்க முடியாது. அது மட்டும் காரணமில்லை. அச்சடித்த சங்-பே என் அறையில்தான் இருக்கிறான். அடிபட்டு ஒரு காது கேட்கவில்லை. போரி யார் என்று அவனிடம் சொன்னேன். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "அப்ப நாங்க யாரைக் கூப்பிட்டோம், அண்ணே?" என்று கேட்டான். எல்லோரையும்தான் என்றேன். பொய் சொல்லவில்லை. இப்போது அவள் அவர்களுக்கும் பிள்ளை. திருப்பி வாங்க எனக்கு உரிமை இல்லை. அவனும் அதையே சொல்கிறான். நாங்கள் சிறையிலேயே இருந்துகொள்கிறோம்.

காலுறையை அவனுக்குக் கொடுத்தேன். திட்டாதே.

இன்-சொக்

குன்சான்
1974 மே 26

போரி அப்பாவுக்கு,

நீங்கள் வெளியே வந்த பிறகு எழுதுகிற முதல் கடிதம். நல்லபடி சாப்பிடுகிறீர்கள் என்று பியோ சொன்னார்.

நீங்கள் தடுத்தும் கோர்ட்டுக்கு வந்தேன். போரி ஒரு குழந்தை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அரசு வக்கீல் கேட்டார். எந்த மூலையில் படுத்திருந்தாள், என்ன சட்டை, கடைசியாக என்ன கேட்டாள் என்றார். பேரிக்காய் கேட்டாள் என்றேன். அந்தப் பருவத்தில் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். உங்களிடம்கூட நான் பேசாதது அது. ஊர் முன்னால் சொன்னேன்.

"அப்ப இது உங்க பொண்ணைப் பத்தி மட்டும்தானா?" என்றார் நீதிபதி. சங்-பே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

"ஆமாங்க. வேற யாரும் இல்ல."

மூன்று பேரையும் விட்டார்கள். வாசலில் அந்தப் பையன்கள் என்னைப் பார்க்காமல் போனார்கள். அவர்கள் சின்னவர்கள், போகட்டும். நீங்கள் நின்று சொன்னீர்கள்: "அவளை மறுபடியும் பொதச்சிட்டே, ஒக்-பூன்."

ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் பதில் தேடினேன். முதல் தடவை மண் தள்ளும்போது என் கையை நீங்கள் பிடித்திருந்தீர்கள். இந்தத் தடவை நான் தனியாகச் செய்தேன், உயிரோடு இருக்கிற ஒருவருக்காக. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கவிதையை இப்போது யாரும் கத்துவதில்லை என்று சோ அக்கா சொன்னாள். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய சாவு என்று எனக்குத் தெரிகிறது. அதற்கு என்னால் உங்களோடு உட்கார்ந்து அழ முடியாது.

உங்கள் புத்தகங்களைக் கட்டிச் சரக்கு ரயிலில் போட்டுவிட்டேன். குளிர் கோட்டு மட்டும் இங்கே இருக்கிறது, உள்பக்கத் துணி கிழிந்திருக்கிறது. தைத்து அனுப்பிவிடுகிறேன். அதை வாங்க நீங்கள் வர வேண்டாம்.

ஒக்-பூன்