உன் மெட்டியும் ஒரு தம்ளர் கஞ்சித்தண்ணியும்

பாப்பா,

பீரோவைத் துடைக்கும்போது உன் மெட்டி இரண்டும் கையில் பட்டது. வலதுகால் மெட்டி முழுசாக இருக்கிறது. இடதுகால் மெட்டி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தது.

அப்போது உனக்கு இரண்டு காலும் வீங்கிக் கிடந்தது. அழுத்தினால் குழி விழும், லேசில் மேலே வராது. உடம்பில் நீர் கூடிப்போச்சு, ஒரு நாளைக்கு நாலு தம்ளர் தண்ணிதான் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். இடதுகால் மட்டும் ஏன் இன்னும் கூடுதலாகப் பெருத்தது என்று பார்க்க எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்.

"லோகம் ஒண்ணும் பாடில்ல சேச்சி" என்று ஸ்கேன் அறை வாசலில் நின்ற மலையாள நர்ஸ் சொன்னாள்; உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம். கம்மல், தாலிச்சங்கிலி, கொண்டை ஊசி எல்லாம் என் முந்தானையில் முடிந்தேன். இடது மெட்டி மட்டும் வரவில்லை. சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம். விரல் அதை விழுங்கியிருந்தது.

"யக்கா, அவரு இருக்கையில மெட்டிய வெட்டலாமா?"

"ஏட்டி, துபாயில கிடக்க மனுசன் உன் கால்விரலையா எண்ணிக்கிட்டு இருக்காரு?"

அந்த வலியிலும் சிரித்தாய்.

உன்னை உள்ளே விட்டுக் கதவை அடைத்தார்கள். டக் டக்கென்று சத்தம். எனக்குப் பயம் வேறொன்று. "நாக்கு ஒட்டுதுக்கா" என்று நீ கேட்கும்போதெல்லாம், நாலு தம்ளருக்கு மேலே ஒரு தம்ளர் கஞ்சித்தண்ணி, உப்புப் போட்டு, தினமும் கொடுத்துவந்தேன். சாலைக் கடைத்தெருவில் அரிசி புடைக்கிறவள் நான். கஞ்சித்தண்ணி ஆகாரம், தண்ணியில் சேராது என்று நினைத்திருந்தேன். நான் கொடுத்தது அந்த மிஷினில் தெரிந்துவிடுமோ என்று கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "ரத்தக்கட்டி ஒண்ணும் இல்ல. வெளுத்துக் காணுறது எல்லாம் நீரு." கால் முழுக்க வெளுத்திருந்தது. "தண்ணி அளவாத்தானே கொடுக்குறது?" என்று என்னைப் பார்த்தார்.

நான் முந்தானை முடிச்சை இறுக்கினேன். நீதான் சொன்னாய்: "ஒரு சொட்டு கூடத் தரமாட்டா சார். கல்நெஞ்சுக்காரி."

அந்த வருச ஓணம் வரைக்கும்கூட நீ இருக்கவில்லை.

இன்றைக்கும் கஞ்சி வடித்தால் ஒரு தம்ளர் தனியாக எடுத்து வைத்துவிடுகிறது கை. ஆறினதும் கொட்டுகிறேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும் பாப்பா. அன்றைக்கு நீ பொய் சொன்னது என்னைக் காப்பாற்றவா, இல்லை, மறுநாளும் அந்த ஒரு தம்ளர் கிடைக்கட்டும் என்றா?